கூப்பிட்டுவிட்டுத் தாழிட்டவர்

1

மாலையில் குளிர்கிடங்கின் கதவைச் சாத்துமுன் கிடங்குக்காரர் உள்ளே தலையை நீட்டி, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார், பிறகு தாழிடுவார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இதில் அவர் தவறியதே இல்லை.

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் படிக்கும் என் தங்கை மகள், குற்றச் செயலும் குற்ற மனமும் சேர்ந்தால்தான் குற்றம் என்பதை வகுப்பில் விளக்க ஒரு நீதிக்கதை கேட்டாள். யானை ஒன்று தெரியாமல் எறும்புப் புற்றை மிதித்துவிட, சிங்கம் விசாரிப்பதாக எழுதிக் கொடுத்தேன்.

"யானைய விட்டுடுங்க மாமா, அதுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்க வேண்டிய ஆள எழுதுங்க," என்றாள்.

எழுதத் தொடங்கினேன். அன்றிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

2

முதல் தொடக்கம்: "ஓர் ஊரில் நல்ல மனிதர் ஒருவர்..."

(விட்டுவிட்டேன். முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதுவது முறையல்ல.)

இரண்டாம் தொடக்கம்: அன்றும் கிடங்குக்காரர் குரல் கொடுத்தார், தாழிட்டார். பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் சுமைதூக்குபவர் ஒருவர் இருந்தார். அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. எழுதுகிற எனக்கும் தெரியாது. காலையில் கதவைத் திறந்தபோது, வாசலை ஒட்டி, அவருடைய கைகள்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை. அவர் இறந்திருந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

[குறிப்பு: உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி பல மாதமாகப் பழுது. அது முதலாளியின் பொறுப்பு. வழக்கில் அவர் பெயர் இல்லை. ஆகவே கதையிலும் அவர் வரமாட்டார். உலகத்தை உள்ளபடி எழுதுவதில் இப்படியும் ஒரு கசப்பு.]

3

தங்கை மகள் எனக்குப் புரியும்படி சொன்னாள். கொல்லும் நோக்கம் அவருக்கு இல்லை. உள்ளே ஆள் இருப்பதும் தெரியாது. மிஞ்சுவது கவனக்குறைவு ஒன்றுதான். உரிய கவனத்தோடு செய்த காரியத்தில் விபத்து நேர்ந்தது என்று காட்டிவிட்டால் அதுவும் நிற்காது.

கிடங்குக்காரரின் வக்கீலுக்கு அது போதுமானதாக இருந்தது. விசாரணைக்கு முன் அவரைத் தன் அறைக்கு வரவழைத்துக் கேட்டார்.

"கூப்பிட்டீங்களா இல்லையா?"

"கூப்பிட்டேன் சார்."

"பதில் வந்துச்சா?"

"இல்ல சார். ஆனா நான்..."

"அந்த 'ஆனா'வ வீட்டுல வெச்சிட்டு வாங்க. அந்தாளு உள்ள தூங்கிட்டாரு. நீங்க கூப்பிட்டது காதுல விழல. அவ்வளவுதான் கேஸு."

அந்த 'ஆனா'வுக்குள்தான் என் கதை முழுவதும் இருக்கிறது. கிடங்குக்காரர் ஒரு நாளும் பதிலுக்காக நின்றதில்லை. குரல் கொடுப்பதும் கதவைத் தள்ளுவதும் அவருக்கு ஒரே அசைவாகிவிட்டிருந்தன. கேட்டுவிட்டாலே பார்த்துவிட்டதாக ஆகிவிட்டது. சோம்பேறிக்கு இந்தத் தவறு நேராது. நாள் தவறாமல் கேட்கிறவருக்குத்தான் நேரும்.

4

இறந்தவரின் மனைவி நீதிமன்றத் தாழ்வாரத்தில் கிடங்குக்காரரை மறித்தாள்.

"என்னண்ணே, குளிர்ல போய்த் தூங்கினாருன்னு கூசாம சொல்றாங்க? வீட்டுல மெத்தையில படுத்தாலே ஒம்பது தடவ எழுந்து பூட்ட இழுத்துப் பாக்கற மனுஷன். அவரா ஐஸுக்குள்ள தூங்குவாரு?"

அவர் தலை குனிந்தார்.

"அப்பா சோம்பேறியாம்மான்னு பொண்ணு கேக்கறாண்ணே. பள்ளிக்கூடத்துல யாரோ சொல்லியிருக்காங்க."

(ஒரு வரைவில் இவளை நீக்கிப் பார்த்தேன். அவள் இல்லாவிட்டால் கதை சட்டப்பாடமாக அமைதியாக முடிந்துவிடுகிறது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.)

அவளுக்கு எது இரக்கம்? அவர் தூங்கியிருந்தால் பாதி மரணம் தூக்கத்திலேயே கழிந்திருக்கும். தூங்கவில்லை என்றால் அவர் பதில் சொல்லியிருக்கிறார், தடித்த கதவுக்கு அந்தப் பக்கம் நின்று.

5

முடிவு ஒன்று: கிடங்குக்காரர் வாய் திறக்கவில்லை. விடுதலை. ஒரு பெண் குழந்தை சோம்பேறியின் மகளாக வளர்கிறது.

முடிவு இரண்டு: அவர் அழுகிறார், அவள் மன்னிக்கிறாள். (நீதிக்கதைக்காரனின் பழக்கதோஷம். கிழித்துவிட்டேன்.)

முடிவு மூன்று: கூண்டில் நின்ற கிடங்குக்காரரிடம் வக்கீல் அதே கேள்வியைக் கேட்டார்.

"கூப்பிட்டேங்கய்யா. பதிலுக்கு நிக்கல. எந்த நாளும் நின்னதில்ல. அவரு தூங்கினாருன்னு நான் சொல்ல மாட்டேன். 'இருக்கேன்'னு சொல்லியிருப்பாரு. கேக்கத்தான் நான் அங்க இல்ல."

வக்கீல் வழக்குக் கோப்பை மூடினார். பின்வரிசையில் இறந்தவரின் மனைவி முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கணவனின் நற்பெயர் திரும்பி வந்தது. அதே நொடியில், தூக்கத்திலேயே போனார் என்ற ஆறுதல் பறிபோனது.

"தீர்ப்பு என்ன மாமா?" என்றாள் தங்கை மகள். எனக்குத் தெரியவில்லை, வாசகரே. உண்மையைச் சொன்னவரைச் சிறைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பினால் அந்தக் கதவு மறுபடியும் வெறும் விபத்தாகிவிடும். நீதிபதியின் நாற்காலியை விட்டு நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள். தீர்ப்புக்கு நாள் குறித்தபின் தாழ்வாரத்தில் நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

"பாப்பாகிட்ட நானே வந்து சொல்றேம்மா," என்றார் கிடங்குக்காரர்.

அவள் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

"அப்பா தூங்கலன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. மத்தத நான் வெச்சுக்கறேன்."

அவர் அவள் பின்னால் நடந்தார்.