கியர்க் கை சாய்ந்த பக்கம்

1

என் சைக்கிளின் பின் கியர் ஒழுங்காக மாறியிருந்தால் இந்தக் கதை இல்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் புறப்பட்டேன். செயின் தாவியது. திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "மர்ஷூதா மௌத்தான பிறகு, அவளுடைய சைக்கிளை ஸஹீத்"

வேண்டாம். முதல் வரியிலேயே சாவு வந்தால் வாசகர் முகத்தை மாற்றிக்கொள்வார்.

இரண்டாவது: "சாய்ந்தமருதில் ஸஹீத் என்று ஒருவன் கியர் திருத்திக்கொண்டிருந்தான்."

இது போதும்.

2

சைக்கிள் அவன் மனைவி மர்ஷூதாவுடையது. அவள் இல்லை. இனி அது அவளுடைய தங்கை அப்ராவுக்கு. கல்முனையில் வேலை கிடைத்திருக்கிறது.

"கியரைத் திருத்திக் குடுத்திட்டு மருதமுனைக்கு, எங்கட உம்மாட்ட போறன்" என்று மாமியாரிடம் ஸஹீத் சொல்லியிருந்தான். சித்தி லைலா என்பது அவர் பெயர்; சித்தி முறையல்ல. போ என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

[எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். பெண் போய்விட்டால் அவன் அங்கே இருக்க ஒரு காரணம் வேண்டும். கல்முனை வாசகர் இந்த அடைப்பைத் தாண்டிப் போகலாம்.]

ஆகவே, கியர் திருந்தும்வரை அவன் அந்த வீட்டில் இருக்கலாம். கதைக்கு இதைவிடப் பெரிய காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

3

கொய்யா மரத்தில் கயிறு போட்டுப் பின்சில்லைத் தூக்கிக் கட்டினான். முதலில் கேபிள் முனையிலுள்ள சிறிய திருகு. இறுக்கினான்: சின்னப் பற்சக்கரங்களில் செயின் ஒழுங்காக ஓடியது, பெரியவற்றில் தாவியது. தளர்த்தினான்: பெரியவை சரி, சின்னவற்றில் தாவியது. கேபிளை மாற்றினான். செயினை மண்ணெண்ணெயில் கழுவினான். தாவியது.

"மச்சான், நான் பென்சன் எடுக்கிறதுக்குள்ள தருவீங்களா?" என்றாள் அப்ரா.

"பஸ் ஓடுதுதானே."

"ஓம். அதுல கியரும் மாறுது."

[இந்த இடத்தில் அவனை அழவைக்க ஒரு பந்தி எழுதி வெட்டினேன். அவன் அழுகிறவனல்ல. நானும்]

4

கடைசியில் சைக்கிளுக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். செயினை இழுத்துப் பிடிக்கும் கியர்க் கை சில்லின் பக்கம் சாய்ந்திருந்தது. அதைச் சட்டத்தோடு பிணைக்கும் அலுமினியத் துண்டு வளைந்துபோயிருக்கிறது. இதற்கு எந்தத் திருகும் உதவாது.

"இது கியர்ப் பக்கமா விழுந்திரிக்கு மாமி. யாரு போட்ட?"

மீன் கழுவிக்கொண்டிருந்த சித்தி லைலாவின் கை நின்றது.

"நான்தான் மகன். மர்ஷூதாட மையத்தக் குளிப்பாட்டப் பொடவ கட்டி மறைக்கணுமே. அந்த இடத்திலதான் சைக்கிள் நிண்டிச்சு. தூக்கி வேலியோரம் போட்டன். எந்தப் பக்கமெண்டு பாக்கல்ல."

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று பேனாவுடன் காத்திருந்தேன். சட்டியில் தண்ணீர் மாற்றினார்.

ஸஹீத் கியர்க் கையின் ஆணியில் அலன் கீயைச் செருகினான்.

"நெம்பினா நேராகும். இல்லாட்டி முறியும்."

"முறிஞ்சா?" அப்ரா கேட்டாள்.

"கொழும்பில இருந்து எடுக்கணும். மாசக்கணக்காப் போகும்."

சித்தி லைலா சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அப்ப கொஞ்சம் இறுக்கியே நெம்புங்க."

"உம்மா!" என்றாள் அப்ரா.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். துண்டு நேராகிறது, அவன் உடுப்புப் பையை எடுக்கிறான். துண்டு முறிகிறது, அவன் முகத்தில் வருத்தம் காட்டப் பார்க்கிறான், வரவில்லை. மூன்றாவதில் மர்ஷூதா படலையைத் திறந்துகொண்டு

இல்லை. சைக்கிள் திருத்துகிற கதையில் அது நடக்காது.

அலுமினியம் ஒருமுறை வளைந்து நிமிர்வதைப் பொறுக்கும். கொஞ்சம் கூடினால் முறியும். எவ்வளவு கூடியது என்பதை நான் எழுதப்போவதில்லை. அலன் கீ இதோ இருக்கிறது. நீங்கள் பிடித்து இழுங்கள்.

இழுப்பதற்கு முன் ஒன்று. அப்ரா சோற்றுப் பீங்கான்களைக் கொண்டுவந்து பாயில் வைக்கிறாள். அவனுடையதும் இருக்கிறது.