கெட்டில் வேலை செய்கிறது

என் புருஷன் மெர்வை எடைமேடையில் ஏற்றி இறக்கிய டாக்டரம்மா, இதற்குமேல் குறைந்தால் அடுத்த சுற்று மருந்து ஏற்ற முடியாது, உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி எடை பார்ப்பார்களாம். அதற்குள் மெர்வ் சாப்பிட்டாக வேண்டும். லிஸ்மோர் மருத்துவமனையிலிருந்து எங்கள் ஊர் கயோகிலுக்கு வண்டியோட்டிக்கொண்டு வரும்போது வழி முழுக்க நான் என்னென்ன சமைக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தேன். அவன் ஜன்னல் வழியாக மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மாட்டுச் சந்தையில் தரகனாகவே காலம் தள்ளியவன் அவன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே ஒரு காளை எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவான். கணையத்தில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்து மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு, கண்ணாடியில் தன்னையே அப்படிப் பார்க்கத் தொடங்கினான். "என்னைய சந்தையில கொண்டுபோய் நிறுத்தினா, நாய்த்தீனிக்கு வாங்குறவன்கூட கை தூக்க மாட்டான் டெஸ்" என்பான். எனக்குச் சிரிப்பு வராது. பள்ளிக்கூட கேண்டீனில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிறு நிறையப் போட்டவள் நான். என் புருஷன் ஒரு கரண்டி கஸ்டர்டுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஊர் டாக்டர்தான் கஞ்சா எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வாங்கும் கஞ்சா, குப்பியில் பெயரெல்லாம் ஒட்டி வரும். குமட்டலை அடக்கும், பசியைக் கிளப்பும், ஆனால் புகைக்கக் கூடாது, ஆவியாக இழுக்க வேண்டும் என்றார். அதற்கான கருவியை நிம்பின் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து டூலி கொண்டுவந்தான். டூலி மெர்வின் பழைய கூட்டாளி. குதிரை மிதித்துக் கால் போனதிலிருந்து வலிக்கு அவனும் இதைத்தான் இழுக்கிறான். புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டானாம், பழையதை எங்களுக்குக் கொடுத்தான்.

கவிழ்த்துவைத்த வாளி மாதிரி எஃகில் ஒரு சாதனம். சமையல் மேடையில் ரொட்டி வாட்டும் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மேலே ஒரு சின்னக் கிண்ணம், அதில் உதிர்த்த கஞ்சா. கீழிருந்து சூடான காற்று ஏறி, மேலே மாட்டியிருக்கும் பை மெதுவாக உப்பிக்கொண்டு எழும். எரிவதில்லை, புகை இல்லை. சோளப்பொரி வறுத்த மாதிரி ஒரு வாசனை மட்டும் வீட்டில் நிற்கும். மெர்வ் அதற்குக் கெட்டில் என்று பெயர் வைத்தான்.

டூலி எனக்குப் பாடம் எடுத்தான். மாவாக அரைக்காதே, தேயிலைத் தூள் பதம் போதும். அழுத்தி அடைக்காதே. நூற்றெண்பது டிகிரியில் ஆரம்பி, ஒரேயடியாகச் சூட்டை ஏற்றினால் தொண்டை கிழியும். பையை நிரப்பி வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசாதே, சூடு ஆறுவதற்குள் இழுக்க வேண்டும். கடைசியில் கிண்ணத்தைத் திறந்து பார்: மிஞ்சியது ஒரே சீராகக் காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் கருவி சரியாக வேலை செய்திருக்கிறது, பச்சைத் திட்டு தெரிந்தால் சூடு பரவவில்லை, கருகியிருந்தால் நீ ஒரு மடச்சி. இதை இழுத்தவர்கள் வண்டிச் சாவியைத் தொடக் கூடாது என்றும் சொன்னான். போலீஸ்காரன் நாக்கைத் தடவிப் பார்ப்பான், மருந்துச்சீட்டைக் காட்டினாலும் விடமாட்டான், எச்சிலில் துளி இருந்தாலும் லைசென்ஸ் போய்விடும். டூலி அதனாலேயே வண்டியை விட்டுவிட்டு, அக்கா எப்போது காரோடு வருவாள் என்று வாசலில் காத்துக் கிடக்கிறவன். அந்தப் பாடத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இழுக்கப் போவது மெர்வ், ஓட்டப் போவது நான்.

முதல் பையை எங்கள் இருவர் முன்னாலும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தே இழுத்தான். இருமினான், டூலி முதுகைத் தட்டி, "மெதுவா மச்சான், ஏலம் போயிடாது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மெர்வ் இரண்டு ஆட்டுச் சாப்ஸும் மசித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டான். கிரேவி இன்னும் இருக்கிறதா என்று வேறு கேட்டான். நான் துணி துவைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஒன்றும் நடக்கவில்லை.

நான் முறைத்துக்கொண்டு நின்றால் ஆவி உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது என்று சொல்லி, நிரப்பிய பையை எடுத்துக்கொண்டு பின்பக்க வராந்தாவுக்குப் போக ஆரம்பித்தான். போகட்டும், அவனுக்கும் கொஞ்சம் மானம் மரியாதை வேண்டாமா என்று விட்டேன். திரும்பி வந்து உட்காருவான். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்துவான். நான் சூட்டைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். சல்லடையை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கழுவினேன். புதுப் பை மாற்றினேன். மருந்துக்கடையில் வேறு ரகம் கேட்டு வாங்கினேன். டூலிக்குப் போன் போட்டால், கிண்ணத்தில் மிஞ்சியது என்ன நிறம் என்று கேட்பான். சீரான காப்பித்தூள் நிறம்தான் என்பேன். அப்படியென்றால் கெட்டில்மேல் தப்பில்லை, சில உடம்புக்கு இது ஒத்துக்காது அம்மணி என்பான். எனக்கு ஆத்திரம் பொங்கும். முதல் நாள் ஒத்துக்கொண்ட உடம்பு மறுநாள் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? ஒரு நாள் அந்தக் கருவியைப் பார்த்துக் கத்தியேவிட்டேன். "அத எதுக்குத் திட்டுற, பாவம்" என்றான் மெர்வ்.

அவன் சட்டைக்குள்ளே ஆள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தான். குளிக்க உதவும்போது முதுகெலும்பைத் தடவ எனக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு காலையும் அவனை வீட்டு எடைக்கருவியில் ஏற்றினேன். ஒவ்வொரு காலையும் முள் இடது பக்கமே போனது. கடவுளே, கஞ்சாவும் கைவிட்டால் நான் எங்கே போவேன் என்று குளியலறையிலேயே உட்கார்ந்துவிட்ட நாளும் உண்டு.

எடை பார்க்கும் வெள்ளிக்கு முந்தின நாள் மத்தியானம், மெர்வ் வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் கெட்டிலுக்கு முன்னால் நின்றேன். இது வேலை செய்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கிண்ணத்தில் போட்டேன், சூட்டை வைத்தேன், பை எழுந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ விருந்தில் ஒருமுறை இழுத்து வாந்தியெடுத்தவள் நான். வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டு முழுப் பையையும் இழுத்து முடித்தேன்.

முதலில் நாக்கு வறண்டது. பிறகு தரையில் உட்கார்ந்திருந்தேன், எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. பிறகு பசித்தது. சாதாரணப் பசியா அது! குளிர்ப்பெட்டியைத் திறந்து, மெர்வுக்காக வேகவைத்திருந்த உப்பு மாட்டிறைச்சியைக் கையால் பிய்த்துக் கடுகு விழுதில் தோய்த்துத் தின்றேன். டின் பீச் பழத்தைத் தின்றுவிட்டு அதன் சாற்றையும் குடித்தேன். பிஸ்கட் பொட்டலத்தைக் காலி செய்தேன். வாயில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வழிய, கெட்டிலைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்று அழுகை வந்தது. கருவி அருமையாக வேலை செய்தது. அப்படியானால் மெர்வின் உடம்புதான் முடிந்துபோய்விட்டது.

அந்த அழுகையின் நடுவேதான் உறைத்தது. நாளைக் காலையில் நான் வண்டியோட்ட வேண்டும். லிஸ்மோர் சாலையில் போலீஸ்காரன் இல்லாத நாள் உண்டா? எச்சிலில் ஒரு நாளுக்கு மேலேகூட நிற்கும் என்று டூலி சொல்லியிருந்தான். என் லைசென்ஸ் போய்விட்டால் அப்புறம் மெர்வை எந்த வைத்தியத்துக்கு எப்படிக் கொண்டுபோவேன்? உலகத்தில் வேறு எவளாவது இப்படி ஒரு முட்டாள்தனம் பண்ணுவாளா என்று தலையில் அடித்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

மெர்வ் விழித்திருந்தான். நடந்ததைச் சொன்னேன். நாளைக்கு என்னால் ஓட்ட முடியாது என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். சட்டையில் கடுகு விழுது, தாடையில் பீச் சாறு.

"ஏய் கெழவி" என்றான். "நீ பை இழுத்தியா?"

சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. சிரித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே, முட்டை இருக்கிறதா என்று கேட்டான்.

நான் சமையலறைக்குப் பறந்தேன். வெண்ணெயில் முட்டை பொரித்து, ரொட்டி வாட்டிக் கொண்டுவந்தேன். சாப்பிட்டான். மஞ்சள் கருவை ரொட்டியால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டான். இரண்டாவது ரொட்டியையும் எடுத்தான். ஒரு பையும் இழுக்காமலே சாப்பிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்றைக்கு இப்படிச் சாப்பிட்டால், ராத்திரிக்கும் கஸ்டர்ட் கொடுத்தால், காலையில் கஞ்சி கொடுத்தால், தராசில் தப்பித்துவிடலாம். பக்கத்து வீட்டு ஜாஸ்லினிடம் கார் இருக்கிறது, அவளைக் கூப்பிடலாமே, ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை? அவனிடம் அதைச் சொல்லிக்கொண்டே போனை எடுத்தேன்.

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். வாயில் இருந்ததை மெல்லுவதை நிறுத்தினான். அவன் முகம் அணைந்துபோனதைப் பார்த்தேன். தலையில் மிச்சமிருந்த போதையெல்லாம் அந்த ஒரு நொடியில் இறங்கிவிட்டது.

"மெர்வ். எத்தனை பை உள்ள போச்சு?"

அவன் பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்தான். "மொத பை போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் எதுவும் போகல. வராந்தாக் கொசுவலை வழியா வெளிய விட்டுட்டேன். நம்ம எலுமிச்ச மரம்தான் ஜாலியா இருக்குது."

நான் சிரிக்கவில்லை. தட்டை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். நான் சல்லடை கழுவினேன், சூட்டைக் கூட்டினேன், கருவியிடம் கத்தினேன், கடவுளிடம் கெஞ்சினேன், நீ இங்கே உட்கார்ந்து காற்றில் விட்டாயா என்று கத்தினேன். பட்டினி கிடந்து செத்துப்போகலாம் என்று பார்த்தாயா, உனக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டான்.

"மொத நாளு பசிச்சுது டெஸ்" என்றான். "நெசமாவே பசிச்சுது. அதுலதான் பயந்துட்டேன். சாப்பிட்டா எடை நிக்கும். நின்னா மறுபடியும் அந்த நாற்காலி. அந்த ஊசி. குளியலறைத் தரை. என்னால முடியாது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா நீ?"

விட்டிருக்க மாட்டேன். அது எங்கள் இருவருக்குமே தெரியும். எடை குறைந்தால் டாக்டரம்மாவே போதும் என்று சொல்லிவிடுவாள், தான் வாயைத் திறக்க வேண்டியதில்லை, எனக்கும் அவன்மேல் கோபம் இருக்காது என்று கணக்குப் போட்டிருக்கிறான். எனக்கு வருத்தம் வரக் கூடாது என்று, என் கண் முன்னால் தினமும் பட்டினி கிடந்திருக்கிறான். அந்த மனுஷனை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒரே ஒரு சுற்று என்று கெஞ்சினேன். எனக்காக ஒன்று என்றேன். வெட்கமில்லாமல் அவன் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முட்டிக்குக் கீழே வெறும் எலும்புதான் கைக்கு அகப்பட்டது. அவன் என் தலைமேல் கை வைத்தான்.

"நீ 'போ'ன்னு சொன்னா போறேன்" என்றான். "வாந்தியெடுத்துக்கிட்டே போறேன். ஆனா நீதான் சொல்லணும்."

சொல்ல நினைத்தேன். அந்த ஒரு சொல் என் நாக்கு நுனியில் நின்றது. போன சுற்று முடிந்து வந்த ராத்திரிகளில் அவன் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நான் வெளியே நின்று தட்ட, உள்ளே வராதே வராதே என்று அழுதான். அதை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பு இருக்கிறது. படப்போவது நான் இல்லையே.

போனை எடுத்து மருத்துவமனைக்குப் போட்டேன். நாளைக்கு வரவில்லை என்றேன். வேறு நாள் குறிக்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம், இனிமேல் மருந்து ஏற்றுவதும் வேண்டாம் என்றேன். டாக்டரிடம் சொல்ல வேண்டும், என்ன காரணம் என்று பதமாகக் கேட்டாள்.

"அவருக்குப் பசிக்குதும்மா" என்றேன்.

சாயங்காலம் கெட்டிலில் ஒரு பை நிரப்பினேன். மெர்வ் அதை வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சமையலறை நாற்காலியிலேயே உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, கடைசி மூச்சுவரை இழுத்தான். உப்பு இறைச்சி எங்கே என்று கேட்டான். தின்றுவிட்டேன் என்றேன். முழுசையுமா என்று கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். சாப்ஸ் வறுத்தேன், உருளைக்கிழங்கு மசித்தேன்.

சாப்பிட்டான். எலும்பைக் கையில் எடுத்துக் கடித்தான். கிரேவி தாடையில் வழிந்தது, கன்னத்தில் கொஞ்சம் நிறம் ஏறியது. இத்தனை நாளாக இரவும் பகலும் நான் வேண்டிக்கொண்டது இதைத்தான், வேறெதையுமே இல்லை. இப்படியே நாலு நாள் சாப்பிட்டால் எடை ஏறிவிடும், அந்த டாக்டரம்மா சரி என்று சொல்லிவிடுவாள் என்று என் பாழாய்ப்போன மனசு கணக்குப் போட்டது. நிறுத்து என்று அதை அதட்டினேன். அது நிறுத்தவில்லை. எனக்கு அவன் வேண்டும்.

மெர்வ் தட்டை நீட்டினான். "இன்னொண்ணு இருக்கா டெஸ்?"

இருக்கிறது என்றேன். எடுத்து வைத்தேன்.