நாலு குழாய் குக்கர்

சாமியாத்தாள் கதவைத் தட்டவில்லை. காம்பவுண்டுக்கு வெளியே நின்றபடி, "ஏனுங், ஊட்ல இருக்கறீங்களா?" என்று குரல் மட்டும் கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரிதான். நடுவில் ஒரு வேன் நுழையும் அளவுக்கு ஒரு தெரு. அந்தத் தெருவைத் தாண்டி அவள் இந்தப் பக்கம் வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

விமலாராணி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ரெண்டு கற்பூரவல்லி எல வேணுமுங்க. அவருக்கு அந்த வாசம் வேணுமாமா. ஆவியெல்லாம் புடிக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. சும்மா மோந்து பாக்கத்தான்." சொல்லிவிட்டு, "இல்லீன்னாலும் பரவால்லீங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

கண்ணெதிரே தொட்டியில் கற்பூரவல்லி மண்டிக் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிறாள். இந்த மனுஷி தன் முன்னால் இப்படிக் கூனிக் குறுகி நிற்க ஒரு காரணமும் இல்லை.

"நீங்க போங்கக்கா. நானே பறிச்சு எடுத்துட்டு வாரேன்" என்றாள். சாமியாத்தாள் நம்பாதவள்போல ஒரு முறை பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து போனாள்.

சாமியாத்தாளின் கணவர் அங்கப்பன், கணபதி ஏரியாவில், தன் வீட்டை ஒட்டியே, மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடையும் லேத் பட்டறை வைத்திருந்தவர். தெருவில் யார் வீட்டில் மோட்டார் நின்றாலும் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். உபசாரம் என்றால் உபசாரம், அப்படியொரு உபசாரம். கொங்கு நாட்டு உபசாரத்தில் தப்பிக்கவே முடியாது. போதும் என்று கையை மறித்தால் விரல் சந்துக்குள் இன்னொரு கரண்டி விழும். அங்கப்பன் அதிலும் ஒரு படி மேல். காப்பி வேண்டாம் என்றால் அவருக்கு முகம் சுண்டிப் போகும். அவர் முகம் சுண்டுவதைப் பார்ப்பதைவிட மூன்றாவது டம்ளரைக் குடித்துவிடுவது மேல் என்று தெருவில் எல்லாரும் பழகியிருந்தார்கள்.

கொரோனா இரண்டாம் அலையில் ஊரே அடைந்து கிடந்தபோது அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. கல்யாணச் சமையலுக்கு எடுக்கிற மாதிரி பெரிய குக்கர் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். வெயிட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு குழாயை மாட்டி, அதை நாலாகப் பிரித்து, நாலு வாய்க்கும் நாலு திருகு வைத்தார். உள்ளே நொச்சித் தழை, வேப்பிலை, தைல இலை, ஓமம், மஞ்சள், கல் உப்பு. கற்பூரவல்லி மட்டும் விமலாராணி வீட்டுத் தொட்டியிலிருந்து போகும். பட்டறை வாசலில் அடுப்பைப் பற்றவைத்து, குழாய் ஒன்றுக்கு ஒரு ஸ்டூல் போட்டு, காலையும் சாயங்காலமும் தெருவையே கூப்பிட்டார். "வாங், வாங், ஆவி புடிச்சுட்டுப் போங்க. நெஞ்சுச்சளியெல்லாம் கரஞ்சு ஓடிப்போயிருமுங்க."

ஜனம் வந்தது. வந்தவர்கள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நாலு பேராக நெருங்கி உட்கார்ந்து, இழுத்து, இருமி, சளியைச் சிந்தி, புத்துணர்ச்சியோடு எழுந்து போனார்கள். சில நாளில், பொது இடத்தில் கூட்டமாக ஆவி பிடிக்காதீர்கள், மூச்சோடு நோயும் சேர்ந்து பரவும் என்று டி.வி.யில் சொன்னார்கள். அங்கப்பன் அன்றைக்கே அடுப்பை அணைத்துவிட்டார். ஆனால் அதற்குள் தெருவில் ஏழெட்டு வீட்டில் காய்ச்சல் வந்திருந்தது. மற்ற வீடுகளில் பிழைத்துக்கொண்டார்கள். விமலாராணியின் கணவர் அமிர்தராஜ், பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர், பிழைக்கவில்லை.

அது எங்கிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ரேஷன் கடையாக இருக்கலாம், மருந்துக்கடையாக இருக்கலாம். ஆனால் துக்கத்துக்குக் கை நீட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. மகள் ஃபெமினா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாமல் அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, நடுத்தெருவில் நின்று பட்டறையைப் பார்த்துக் கத்தினாள். "எங்கப்பா வேண்டாம் வேண்டாம்னு தானே சொன்னாரு? வற்புறுத்தி உக்கார வெச்சுக் கொன்னுட்டீங்களே! நல்லா இருப்பீங்களா?"

அங்கப்பன் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியாத்தாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அன்றிலிருந்து அவர் 'மாஸ்டரைக் கொன்ன அங்கப்பன்' ஆகிவிட்டார். கொஞ்ச நாளில் பட்டறையை இழுத்து மூடினார். யாரையும் காப்பிக்குக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்.

விமலாராணி அன்று மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் உண்மை வேறு. அங்கப்பன் இரண்டு தடவை கூப்பிட்டார் என்பது சரி. அமிர்தராஜ் அந்த இரண்டு தடவையும் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "கூட்டமா இருக்கு விமலா, எனக்கென்னவோ சரியாப் படலை" என்று அவர் சட்டையைக் கழற்றப் போனபோது, விமலாராணிதான் விடவில்லை. "காய்கறி கெடைக்காதப்பல்லாம் நம்ம ஊட்டுக்கும் சேத்து வாங்கியாந்து போட்ட மனுசன். கூப்புட்டுப் போகலீன்னா நல்லாவா இருக்கும்? நாளைக்கு அவரு மூஞ்சியில எப்பிடி முழிக்கறது? ஒரு அஞ்சு நிமிசம் மரியாதைக்கு ஒக்காந்துட்டு வாங்க, போங்க!" என்று அதட்டி அனுப்பினாள். அவர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இந்த ஐந்து வருஷத்தில் அவள் எத்தனையோ முறை சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறாள். பங்குச் சாமியாரிடம் சொன்னதெல்லாம் சில்லறைப் பாவங்கள். இதைச் சொல்லவில்லை. சாமியாருக்குப் பயந்து அல்ல. ஒரு முறை வாயைவிட்டு வந்துவிட்டால் அது மகள் காதுவரை போய்விடும் என்று பயம். அப்பாவை இழந்தவளுக்கு இவள் ஒருத்திதான் மிச்சம். அந்தப் பெண் தன்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டால் அப்புறம் இருந்து என்ன பிரயோஜனம்?

இலைகளைப் பறித்துக்கொண்டு அவள் எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள்.

அங்கப்பன் முன்னறைக் கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். நுரையீரல் சுருங்கிவிட்டது, இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்களாம். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. முகத்தில் நெபுலைசர் மாஸ்க். அதன் ஓரங்களில் மருந்துப்புகை மெல்லக் கசிந்தது. தெருவுக்கே ஆவி கொடுத்த மனுஷர் இப்போது அந்தச் சின்ன மூடிக்குள் மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"வாங்... அம்மணி. வாங்க." மாஸ்க்கை விலக்கி, சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "காப்பி... போட்டுக் கொண்டா."

அது சாமியாத்தாளுக்குச் சொன்னது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விமலாராணி இலையைக் கசக்கி அவர் மூக்கருகே பிடித்தாள். அவர் கண்ணை மூடி, முடிந்த அளவு இழுத்தார். முடிந்தது கொஞ்சம்தான். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஏனுங்ணா, மாஸ்டரு நீங்க கூப்புட்டதுக்காக வரலீங்க. வேண்டாம்னு ஊட்டுக்கே வந்துட்டாரு. நாந்தான் திட்டி அனுப்புனேன். உங்க மேல பழி உழுந்தப்ப வாயத் தொறக்காம நின்னுட்டேன். நாந்தானுங்ணா."

அங்கப்பன் கண்ணைத் திறந்தார்.

"தெரியுமுங்க."

அவளுக்கு விளங்கவில்லை.

"அன்னிக்கே... சொன்னாருங்க மாஸ்டரு. குழாகிட்ட ஒக்காரும்போது சிரிச்சாரு. 'உங்க தங்கச்சி திட்டி அனுப்பிச்சுப்போட்டாங்க, வராம முடியுமா'ன்னு..." மூச்சு வாங்கியது. மாஸ்க்கை வைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார். "சத்தம் போட்டுச் சிரிச்சாருங்க."

"பின்ன ஏனுங்ணா... ஃபெமினா அத்தன பேர் முன்னால கத்துனப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அந்தப் புள்ளைக்கு அப்பன் போயிட்டாரு. அம்மாவாச்சும்... முழுசா இருக்கோணுமில்லீங்க."

விமலாராணி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவர் அவளைத் தேற்றவில்லை. அதற்கு மூச்சு போதாது. "இத இங்கயே உட்டுப்போடுங்க" என்று மட்டும் சொன்னார். சாமியாத்தாள் காப்பியோடு வந்தாள். விமலாராணி அழுதுகொண்டே அதைக் குடித்தாள்; அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுண்டாமல், பழைய அங்கப்பனாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அவர் போய்விட்டார்.

எதிர்வீட்டில் சாமியானா கட்டியபோது ஃபெமினா ஸ்கேன் சென்டர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நீ வேணும்னா போம்மா. அந்த ஆளு சாவுக்கு நான் வரமாட்டேன். எங்கப்பாவ மூச்சு முட்ட வெச்சவரு, மூச்சு முட்டித்தான் போயிருக்காரு" என்று தலையைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

விமலாராணி அங்கப்பனின் கடைசி வார்த்தையை நினைத்தாள். இங்கேயே விட்டுவிடு என்றார். விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது, தெரிந்த ஒருவரும் போய்விட்டார். இந்த வீட்டில் அவள் முழுசாகவே இருந்துவிடலாம், எதிர்வீட்டுக்காரி மட்டும் சாகும்வரை காம்பவுண்டுக்கு வெளியே நின்று இலை கேட்பாள்.

"ஃபெமினா, சீப்ப வெச்சுட்டு இங்க வா" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். அதட்டியது, செருப்பை மாட்டியது, தெருவில் வாயடைத்து நின்றது, குழாயருகே அமிர்தராஜ் சிரித்தது, அங்கப்பனுக்கு முதலிலிருந்தே தெரிந்திருந்தது. எதையும் மழுப்பவில்லை. ஃபெமினா கேட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

விமலாராணி தனியாகவே எதிர்வீட்டுக்குப் போனாள். சாமியாத்தாள் அவளைக் கட்டிக்கொண்டு, "எல எடுத்துட்டு வந்தீங்களே, அன்னிக்கு நல்லாத் தூங்குனாருங்க" என்று அரற்றினாள். யாரோ பின்னால், "என்ன இருந்தாலும் இந்தம்மாவுக்குப் பெரிய மனசு" என்றார்கள். அவள் திரும்பி, "பெரிய மனசு அவருக்குத்தானுங்க. எங்க ஊட்டுக்காரர அனுப்பி வெச்சது நானு" என்றாள். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமியாத்தாளின் பிடி ஒரு கணம் தளர்ந்தது. பிறகு முன்னைவிட இறுகியது.

எடுக்கும் நேரத்துக்கு ஃபெமினா வந்தாள். அழுது வீங்கிய முகம். அம்மாவைப் பார்க்கவில்லை. நேராகப் போய் அங்கப்பனின் காலடியில் தலையை வைத்துக்கொண்டு, எழுப்பும்வரை எழுந்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்து இருவரும் தெருவைக் கடந்தார்கள். ஃபெமினா முன்னால், விமலாராணி பின்னால். ஒரு வேன் நுழையும் தெருதான்; அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. வாசலில் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவிக்கொண்டபோது, திரும்பாமலே மகள் கேட்டாள்.

"குழாகிட்ட உக்காரும்போது அப்பா சிரிச்சாரா?"

"சிரிச்சாராமா. சத்தம் போட்டு."

"நீ திட்டுனதுக்கா?"

"ஆமா கண்ணு. நான் திட்டுனதுக்கு."

ஃபெமினா சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு உள்ளே போனாள். தன் அறைக் கதவை அவள் சாத்தவில்லை. விமலாராணிதான் உள்ளே போகத் தைரியம் வராமல், கழுவிய காலையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு வாசலில் நின்றாள்.