உப்பு பார்க்கிற வேலை

அந்த வருஷத்தில் மூன்றாவது முறையாக ஜியாவுல்லா இதய வார்டில் வந்து சேர்ந்தபோது, நர்ஸ் சந்திரகலா எதுவும் கேட்கவில்லை. கட்டில் தலைமாட்டை உயர்த்தி ஆக்சிஜன் வைத்தாள். டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டாள். பிறகு போர்வையை விலக்கி, அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி எழுந்திருக்க அவசரப்படவில்லை.

“இது காலா பாய், பூரிக்குப் பிசைஞ்ச மாவா?”

“பூரி மாவு இவ்ளோ தளர்வா இருக்கக் கூடாது சிஸ்டர்” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

பிரியாணி மாஸ்டர் ஜியாவுல்லாவுக்கு 1996-இல் மாரடைப்பு வந்துபோனது. அதற்கப்புறம் இதயம் பலவீனமாகிவிட்டது. உடம்பில் உப்பு ஏறினால் கூடவே நீரும் தங்கிவிடும்; கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். உப்பைக் குறைக்கச் சொல்லி, நீர் பிரிய மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷம் ஓடியும் மனிதர் வந்து வந்து படுத்துக்கொண்டிருந்தார்.

சந்திரகலா அவர் மனைவி ரஹமத்தைத் தனியே அழைத்தாள்.

“பாயம்மா, வீட்ல உப்பு போடறீங்களா?”

“அல்லா அறிய இல்லம்மா. ஊறுகாய் ஜாடியக்கூட அண்ணன் வீட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன். அவரு தின்றதையே நானும் தின்றேன். நான்தான் இளைச்சுப் போறேன், அவருக்குக் காலு பெருத்துக்கிட்டே போவுது.”

ரஹமத் பொய் சொல்கிறவளாகத் தெரியவில்லை. அப்படியென்றால் உப்பு எந்த வழியாக உள்ளே போகிறது?

இரண்டு மூன்று நாளில் அவருக்கு மூச்சுத் திணறல் இறங்கியது, வாய் ஏறியது. ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றி அவர் சொன்ன கருத்துகளைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில் இராமலிங்கம் சிரித்துச் சிரித்துப் புரை ஏற்றிக்கொண்டார். இவரை மிரட்டிக் கேட்டால் ஒன்றும் வராது, பெருமை பேசவிட்டால்தான் வரும் என்று சந்திரகலாவுக்குத் தோன்றியது.

“ஏன் பாய், உங்க பிரியாணில அப்படி இன்னா விசேஷம்?” என்றாள், மாத்திரையை நீட்டியபடி.

ஜியாவுல்லா எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார்.

“உப்புதான் சிஸ்டர். அரிசி போடற உலைத் தண்ணி கடல் தண்ணியாட்டம் கரிக்கணும். ஒரு கரண்டி அள்ளி வாய்ல ஊத்திப் பாப்பேன். அப்புறம் கறி மசாலா. தம் போடறதுக்கு முன்னால இன்னொரு வாட்டி. ஒவ்வொரு தேக்சா அண்டாவுக்கும் இப்படிப் பாக்கணும்.”

“பாத்துட்டுத் துப்பிடுவீங்களா?”

“துப்பறதா! சாப்பாடு சிஸ்டர் அது.”

“நீர் மாத்திரை?”

“கல்யாணத்தன்னிக்கு அத எப்படிப் போடறது? நான் பாத்ரூமுக்கும் அடுப்புக்கும் ஓடிட்டிருந்தா தேக்சா அடி புடிச்சிடாது?”

ரஹமத் தலையில் கைவைத்துக்கொண்டாள். சந்திரகலாவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. இவரைச் சமையலை விடச் சொன்னால் சரியென்று தலையாட்டிவிட்டு, சொல்லாமல் போவார் என்று அவளுக்குத் தெரியும். போதாததற்கு, அடுத்த மாதம் அவருடைய சிநேகிதர் ஜவுளிக்கடை காசிமின் மகள் ஆஃப்ஷீனுக்குக் கல்யாணம்.

டாக்டர் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, அடுப்படியில் நிற்கக் கூடாது, பாத்திரம் தூக்கக் கூடாது, தூர நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கலாம் என்றார். கல்யாணத்தன்று மட்டும் மாத்திரையைத் தம் போட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம், விடத்தான் கூடாது என்றும் சொன்னார். உப்பு மட்டும் வாயில் படவே கூடாதாம்.

“அப்போ யாரு உப்பு பாக்கறது? என் ஆளுங்க நாக்கெல்லாம் பீடா போட்டே செத்துப்போச்சு” என்றார் ஜியாவுல்லா.

சந்திரகலா ரஹமத்தைக் கைகாட்டினாள்.

“இவளா? முப்பது வருஷமா நான் ஆக்கினத தின்றா. ஒரு நாள் நல்லா இருக்குன்னு சொன்னது கிடையாது!”

“நல்லா இருந்தா சொல்லமாட்டனா?” என்றாள் ரஹமத்.

வார்டே சிரித்தது. ஜியாவுல்லா மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேங்கிக்கால் மண்டபத்தில் கல்யாணம். ரஹமத் வற்புறுத்தி அழைத்திருந்ததால் சந்திரகலா அன்று விடுப்பெடுத்துக்கொண்டு போய், நேராகப் பின்கட்டுக்கு நடந்தாள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு ஜியாவுல்லா உட்கார்ந்திருந்தார். ரஹமத் கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்து, “போதும்” என்றாள்.

“இன்னும் ஒரு கை போடு.”

“போதும்னா போதும்.”

“கரண்டிய இப்படிக் குடு, நானே பாக்கறேன்.”

அவள் கரண்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். எழப்போன ஜியாவுல்லா, சந்திரகலாவைக் கண்டதும் ஒன்றும் தெரியாதவர்போல் தாடியைத் தடவினார்.

முதல் பந்தி நடக்கும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தட்டோடு பின்கட்டுக்கே வந்துவிட்டார்.

“மாஸ்டர், உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கே?”

ரஹமத்தின் முகம் சுண்டிப்போனது. ஜியாவுல்லா தன் பிரியாணியைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை பேசவிட்டவர் இல்லை. அவர் நிதானமாக நிமிர்ந்து பார்த்தார்.

“கம்மியாத்தான் இருக்கும். நான்தான் கம்மி பண்ணச் சொன்னேன். உங்க வயசுக்கு இது போதுங்க.”

பெரியவர் யோசித்தார். பிறகு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டு போனார்.

ரஹமத் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த தேக்சாவில் அவளாகவே ஒரு கை உப்பு கூடுதலாகப் போட்டாள். அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. வெங்காயம் தடிமனாம், விறகு ஈரமாம், தயிர் புளிப்பு ஜாஸ்தியாம். ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

ஜியாவுல்லா சந்திரகலாவைக் கிட்டே கூப்பிட்டார்.

“சிஸ்டர், உப்பு பாக்கத்தானே சொன்னீங்க? இப்ப எல்லாத்தையும் பாக்கறா. இதுக்கு எதனா மாத்திரை இருக்கா?”

“இருந்தா எங்க வீட்டுக்காரரு எப்பவோ வாங்கியிருப்பாரு பாய்” என்றாள் சந்திரகலா.

அதற்குள் வேறொரு குடும்பத்துக்காரர் அடுத்த மாதக் கல்யாணத்துக்குத் தேதி சொல்ல வந்து நின்றார். ஜியாவுல்லா நாற்காலியை விட்டு எழாமலே அடுப்புப் பக்கம் கைகாட்டினார்.

“அங்க கேளுங்க.”