டிவி டாக்டருக்குப் பூசிய பவுடர்

...டிவியில் தெரியப்போகிற முகத்துக்குப் பவுடர் போடாமல் எவளாவது வருவாளா, கிளினிக் குழாயடியில் குனிந்து பஞ்சாலை முகத்தைத் தேய்க்கத் தேய்க்க வெள்ளையாய் வழிந்தது, கோலாலம்பூர் தோல் டாக்டரை ரெம்பாவ் கிளினிக்கிலேயே டிவியில் பார்க்கலாம் என்று நர்ஸ் மிஸி சொன்ன நாளே தீபாவளிச் சேலையை எடுத்து வைத்தவள், கன்னத்து வெளிர் திட்டு தெரியாதபடி அப்பிக்கொண்டு வந்தால், அந்த டாக்டரம்மா பெட்டிக்குள்ளிருந்து சிரிக்கிறாள், காட்ட வந்ததையே மறைச்சுட்டு வந்திருக்கீங்களேம்மா, கழுவிட்டு வாங்க என்கிறாள்... கழுவலாம், கழுவினால் அது குஷ்டம் என்று தெரிந்துவிட்டால்? குஷ்டக்காரர்களைச் சுங்கை பூலோ முகாமில் கொண்டுபோய் அடைத்த காலமெல்லாம் மலையேறிப் போச்சு என்று மிஸி சொல்கிறாள், சரி, தோட்டத்து ஜனங்களின் வாய்கள் மலையேறிவிட்டனவா? கட்டின புருஷன் அர்ச்சுனனுக்கே அவள் காட்டியதில்லை, அவன் கண் விழிக்குமுன் பவுடர், அவனுக்கு ஒட்டிவிடக்கூடாதென்று தன் கோப்பையைத் தனியாக உயரத்தட்டில் ஏற்றி வைத்தாள், அந்த மனுஷனோ தினமும் அதில்தான் கோப்பி குடிக்கிறான், ஏன்யா என் உயிரை வாங்குறே என்று கத்தினால், “இதுதான் கைக்குக் கெடச்சுது லா” என்கிறான், கூறுகெட்ட மனுஷன்.

வெறும் முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தாள், வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணை மூடச் சொல்லி மிஸி பஞ்சால் திட்டைத் தொட, கூச்சம் தாளாமல் பஞ்சாலை களுக்கென்று சிரித்துவிட்டாள், டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், திறந்த வாய் திறந்தபடி படம் அப்படியே நின்றுபோனது. அடி மகராசி, என் தலையெழுத்தை வாயில் வைத்துக்கொண்டா நிற்பாய், மிஸி பெட்டியைத் தட்டுகிறாள், மாரியாத்தா, எனக்கென்றாலும் போகட்டும், அந்தக் கோப்பையில் குடித்தவனுக்கு... படம் அசையுமுன் குரல் வந்துவிட்டது.

“பயப்படாதீங்கம்மா. பஞ்சு பட்டதும் கூசிச் சிரிச்சீங்களே, அந்த வியாதின்னா தொட்டதே தெரியாது, போன வாரம் மிஸி எடுத்து அனுப்புன சோதனையும் சுத்தமா இருக்கு. வெறும் தேமல்தான், மருந்து பூசுனா போயிடும்.”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள், பஸ் நிறுத்தத்தில் பழக்கதோஷத்தில் பவுடர் டப்பாவை எடுத்தவள், சீச்சீ என்று பைக்குள்ளேயே போட்டாள், வெயில் கன்னத்தில் பட்டது, நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, முக்காலி போட்டு ஏறிக் கோப்பையைக் கீழே இறக்கவேண்டும்... முக்காலி போட்டா? ஆமாம், முக்காலி இல்லாமல் அவனுக்கும் எட்டாதே, அவன் கோப்பை அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்குமே, பிறகு எப்படி அதுதான் கைக்குக் கிடைத்தது... பஸ் வந்து நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.