கசப்புநீர்க் குலத்தின் நிழல்கள்

கசப்புநீர்க் குலத்து அம்மா இறந்த நான்காம் நாள் காலையில், எங்கள் பழங்குடி ஊரான லுகாசுகாயில் அவருடைய வாரிசுகள் யாருக்கும் நிழல் விழவில்லை. இறந்தவர் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை; அதனால் அம்மா என்றே எழுதுகிறேன். ஞாயிறுதோறும் அவர் மாதா கோயிலுக்குப் போவார். ஆனால் தினமும் பொழுது புலரும்போது கிழக்கு பார்த்து நின்று, சோள மகரந்தத்தைத் தூவி, உயிரோடிருக்கும் தன் வழிவந்தோர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வேண்டிக்கொள்வார். ஃபீனிக்ஸில் கட்டட வேலை பார்ப்பவனையும் விடமாட்டார், பட்டாளத்தில் இருப்பவளையும் விடமாட்டார். முழங்கால் பனியிலும் இது தவறியதில்லை.

நிழல் விழாததை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இளைய மகள் வெல்மா மந்தையை ஓட்டிப் போனபோது, அவள் வளர்த்த நாய்களே அவளைப் பார்த்துக் குரைத்தன. ஆட்டுக்கறிக் குழம்பைச் சட்டியோடு காலி செய்தாலும் வீட்டில் யாருக்கும் பசி ஆறவில்லை. அடுத்து எடை போயிற்று. வெல்மாவின் பேத்தி, கைக்குழந்தை, படுக்கையிலிருந்து மேலெழுந்து கூரையில் முட்டி அழுதது. அதைத் தொட்டில் பலகையில் வைத்துக் கட்டி, பலகையை இரும்பு அடுப்பின் காலோடு பிணைத்தார்கள். மருத்துவமனையில் நர்ஸ் எடைக் கருவி பழுது என்று வேறொன்றைக் கொண்டுவந்தாள். அதிலும் முள் அசையவில்லை.

மூத்தவள் லோரீன் விடியலில் அம்மாவின் மகரந்தப் பையோடு போய், அவரைப் போலவே பெயர்களைச் சொல்லித் தூவினாள். மகரந்தம் தரையில் இறங்காமல் அவள் முகத்திலேயே வந்து அப்பியது. மறுநாளும் அப்படியே.

"ஒரு பேரை நீ விடுறே அக்கா," என்றாள் வெல்மா.

"எல்லாரையும் சொல்லிட்டேன்."

"ஹார்லனைச் சொன்னியா?"

லோரீன் கையை ஓங்கிவிட்டாள். ஹார்லன் அவர்களுடைய தம்பி. குடித்துவிட்டு வண்டியோட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோரீனின் ஒரே மகனைக் கொன்றவன், சிறையில் இருக்கிறான். அவனுக்காகவும் அம்மா வேண்டிக்கொண்டார் என்பதால், கடைசி வருடங்களில் லோரீன் அவரோடு சாப்பிட உட்கார்ந்ததே இல்லை.

"அந்த நரி பேரு என் வாயில வராதுடி. என் புள்ளைய மண்ணுல வச்சிட்டு அவனுக்கு வேண்டிக்கணுமா?"

"அவனுக்கு வேணாம். இதுக்கு வேண்டிக்க." குழந்தையைக் கட்டிய கயிறு மேல்நோக்கி விறைத்து நின்றது. குழந்தை அழுவதை நிறுத்தியிருந்தது. அதன் கைகளின் ஊடாகப் போர்வையின் கோடுகள் தெரிந்தன. "உன் பையனுக்கு நான் எத்தனை தடவை சோறூட்டியிருப்பேன்? எனக்காகச் சொல்லுக்கா."

லோரீன் வெளியே போனாள். மறுநாள் விடியும்வரை அவள் உள்ளே வரவில்லை. மலைக்கு மேல் வெளிச்சம் பரவியதும் எல்லாரையும் சொன்னாள். கடைசிப் பெயரில் நின்றாள். குனிந்து வாந்தி எடுத்தாள். பிறகு சாபம் இடுவதுபோல மலையைப் பார்த்து அலறினாள்: "ஹார்லன்!"

மகரந்தம் மணலைப்போலத் தரையில் விழுந்தது. வீட்டுக்குள் தொட்டில் பலகை தடாலென்று இறங்கியது, குழந்தை வீறிட்டது. வெல்மா சிரித்துக்கொண்டே அழுதாள். லோரீன் திரும்பிப் பார்க்கவில்லை. காலடியிலிருந்து நீண்ட தன் நிழல்மேலேயே உட்கார்ந்து, மகனுக்காக வெகுநேரம் அழுதாள்.

ஹார்லனை அவள் மன்னிக்கவில்லை. சிறைக்குப் போய்ப் பார்த்ததுமில்லை. தினமும் பெயரை மட்டும் சொல்கிறாள். அந்தப் பெயரில் வாய் வராமல் நின்றுவிடுவதால், ஊரில் மற்றவர்களுக்கு நிழல் விழுந்து சற்றுநேரம் கழித்தே அந்த வீட்டாருக்கு விழுகிறது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல் அந்த நிழல் விழும்வரை காத்திருந்து, அந்த வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்.