காட்சி பதினாலு, பால்கனி, பகல்

மத்தியானம் மூன்று மணிக்கு டைரக்டர் போன் செய்து என்னைப் பாராட்டினார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பதினாறு வருஷத்தில் அந்த மனிதர் என்னைப் பாராட்டியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் அடுத்த வாக்கியம் "ஒரு சின்ன மாற்றம்" என்றுதான் ஆரம்பித்தது.

"என்னமா எழுதியிருக்கீங்க மேடம்! அந்த பால்கனி சீன். ஹீரோயின் கிளிசரின் போடாமலே அழுதாங்க. லைட்மேன் மூக்கைச் சிந்திட்டு நிக்கறார். இன்னிக்கு சாயந்திரம் ஏழரைக்குப் போகுது, பாருங்க, ஊரே இதைத்தான் பேசப்போகுது."

"எந்த பால்கனி சீன் சார்?"

"இந்த அடக்கம்தான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் பால்கனி சீன் எழுதவே இல்லை.

நான் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் இது புரியும். நான் சீரியலுக்குத் திரைக்கதையும் வசனமும் எழுதுகிறவள் என்று பெயர். உண்மையில் எழுதுவது கிடையாது, பேசுவதுதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தபடி எல்லாப் பாத்திரமாகவும் நானே பேசி, வாய்ஸ் மெசேஜாக டைப்பிஸ்ட் அக்காவுக்கு அனுப்பிவிடுவேன். மாமியாருக்குக் கட்டைக்குரல், மருமகளுக்கு மூக்கால் ஒரு குரல். அக்கா அதைக் கேட்டு டைப் செய்து, நான் சொல்ல மறந்த காட்சி எண்ணையும் இடத்தையும் தானே போட்டு, நேராக ஷூட்டிங்குக்கு அனுப்பிவிடுவாள். கேள்வியே கேட்க மாட்டாள். ஒருமுறை வசனத்துக்கு நடுவில் நான் போட்ட தும்மலைக்கூட "(தும்முகிறாள்)" என்று டைப் செய்திருந்தாள். நடிகை தும்மினாள். டைப் ஆனதை நான் திரும்பப் படிப்பதில்லை. தினம் அரை மணி நேரம் ஓடும் ஒன்றைத் திரும்பப் படிக்க ஆரம்பித்தால் மனிதர் பிழைக்க முடியாது.

அக்காவிடம் அந்தக் காட்சியை அனுப்பச் சொன்னேன். உடனே வந்தது.

"காட்சி பதினாலு. பால்கனி. பகல். நாயகி தன் தங்கையிடம் போனில்: எட்டு வருஷம் ஆச்சுடி. இனிமே என்னால முடியாது. நான் உக்காந்தா கூப்பிடறா, எழுந்தா கூப்பிடறா. பாத்ரூம் போனாக்கூட கதவைத் தட்டி, உள்ளதான் இருக்கியான்னு கேக்கறா. நான் அம்மாவுக்குப் பொண்ணா, இல்ல வாட்ச்மேனா? அம்மா இங்க இருக்கற வரைக்கும் நான் ஒரு நாள்கூட நிம்மதியா இருக்கப் போறதில்ல. நீ வந்து கூட்டிட்டுப் போ. இல்லன்னா நானே கொண்டுவந்து உன் வாசல்ல விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடுவேன். (அழுகிறாள்)"

இது நான் பேசியதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், என் சொந்தத் தங்கைக்கு. பதிமூன்று சீன்களை அக்காவுக்கு அனுப்பிவிட்டு, அதே சூட்டில் அதே விரலால் இதையும் அக்காவுக்கே தள்ளியிருக்கிறேன். தங்கை பதிலே போடவில்லையே, கல்நெஞ்சக்காரி, நழுவப் பார்க்கிறாள் என்று இந்த மூன்று வாரமாக அவளை மனதுக்குள் திட்டித் தீர்த்தது வேறு நினைவுக்கு வந்தது. பாவம், அவளுக்கு விஷயமே தெரியாது.

கதாநாயகிக்கும் கதையில் ஒரு தங்கை, வீட்டில் ஓர் அம்மா. அதனால் செட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம். சொந்த வீட்டிலிருந்து எடுத்துத்தானே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மா, அதாவது என் அம்மா, அடுப்படியில் மிக்ஸியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என் சீரியலை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் பார்க்கும் ஒரே ஆத்மா அவள்தான், நானே பார்ப்பதில்லை. சரியாக ஏழரைக்கு ரிமோட்டோடு உட்கார்ந்துவிடுவாள். இன்றைக்கு ஏழரைக்கு, கிளிசரின் போடாமல் அழுகிற ஒருத்தி, நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லப்போகிறாள்.

எடிட்டருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், பிஸி. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று வாசலுக்குப் போனால் அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி அழைப்புமணிக்கு நீட்டிய விரலோடு நிற்கிறாள். பத்திரிகையிலிருந்து வந்திருந்தாள். மூன்று தடவை தள்ளிப்போட்ட பேட்டி. 'எழுத்தாளரின் மேஜை' என்று ஒரு பக்கமாம். பிடித்த டிவி நாடகங்கள் என்னென்ன, தினமும் கையாளும் எழுதுபொருட்கள் என்னென்ன. இந்த உலகத்தில் எனக்கு இப்போது தேவைப்பட்டது அதுதான்.

"மறந்துட்டீங்களா மேடம்?" என்றாள்.

"அவ மறக்கல, உள்ள வாங்க" என்றாள் அம்மா, என் பின்னாலிருந்து. போச்சு.

அரை மணி நேரம் முள்மேல் உட்கார்ந்திருந்தேன். போனை மடியில் குப்புற வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். பிடித்த நாடகம் என்றதும் வாய் பாட்டுக்கு எதையோ சொன்னது. சின்ன வயதில் ஒரு நாடகம் வந்தது. முழுக் கதையும் ஒரே ஒரு மாடிப்படியில் நடக்கும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் நின்று பேசுவார்கள், அவ்வளவுதான். காசில்லாமல் எடுத்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒருத்தர் இரண்டு படி இறங்கி நின்று பேசினாலே இவருக்குத் தாழ்வு என்று நமக்குப் புரிந்துவிடும். அப்புறம் எப்போதும் ஜலதோஷத்தோடேயே திரியும் ஒரு துப்பறியும் அதிகாரியின் நாடகம். அவர் மூக்கைச் சிந்துகிற நேரத்தில்தான் குற்றவாளிகள் உளறுவார்கள்.

"அதுல மோசமான கதையெல்லாம்கூட நல்லா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே எடிட்டருக்கு 'அவசரம்' என்று தட்டினேன்.

"எழுதுபொருள்?"

மேஜையைக் காட்டினேன். மூடியைக் கடித்துக் கடித்து மூடியே இல்லாமல் போன பேனாக்கள், பழைய ஸ்கிரிப்ட் தாள்களின் பின்பக்கம், காற்றடித்தால் பறக்கும் மஞ்சள் ஒட்டுத்தாள்கள், இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அலறும் சமையலறை அலாரம். ஒவ்வொன்றையும் அவள் படம் எடுத்தாள். நிஜமான எழுதுபொருள் என் கையில் வேர்த்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

"அம்மா, நீங்க பொண்ணோட சீரியல் பாப்பீங்களா?" என்று அந்தப் பெண் டீ கொண்டுவந்த அம்மாவைக் கேட்டாள்.

"ஒரு நாள் விட்டதில்ல. இப்பல்லாம் இன்னும் கவனமாப் பாக்கறேன்" என்றாள் அம்மா.

எடிட்டருக்கு இன்னொரு 'அவசரம்' தட்டினேன்.

பேட்டி முடிந்ததும் ஓடினேன். எடிட்டிங் அறை இரண்டாவது மாடியில், ஜன்னலே இல்லாத பெட்டி. எடிட்டரை எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவோம். இருபது வருஷமாக இருட்டில் உட்கார்ந்து வெளிறிப்போனவர். எதற்கும் அசைய மாட்டார். நான் மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஒரு நாற்காலியைத் தள்ளினார்.

"பதினாலாவது சீனைத் தூக்கணும்."

"அதையா?" முதல்தடவையாக அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "மேடம், இத்தனை வருஷத்துல நீங்க எழுதினதுலயே உருப்படியான சீன் அதுதான்."

சொன்னால் வெட்கம், அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு கணம் குளிர்ந்தது. அப்புறம் அவர் அதை ஓட்டிக் காட்டினார். குளிர்ச்சியெல்லாம் போய்விட்டது. அந்த நடிகை பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் வார்த்தையை என்னைவிட நன்றாகச் சொன்னாள். "திரும்பிப் பாக்காம வந்துடுவேன்" என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது. பெற்ற பெண் இப்படி ஒன்றைச் சொல்ல முடியுமா என்று, கேட்கிற எனக்கே ஆத்திரம் வந்தது. அப்புறம்தான் யார்மேல் அந்த ஆத்திரம் என்று புரிந்தது.

"தூக்குங்க" என்றேன். "கெஞ்சிக் கேக்கறேன்."

"டைரக்டர்?"

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன். பழி என்மேல."

"ரெண்டு நிமிஷம் குறையுது. என்ன போட?"

"மாமியார் முகத்தை நாலு தடவை காட்டுங்க. இடி போடுங்க. ஆஸ்பத்திரி ஃபிளாஷ்பேக் ஒண்ணு இருக்குமே, அதை அடைங்க."

அடைத்தார். எனக்கு அதுவும் போதவில்லை. நாளைக்கே டைரக்டர் ஆசைப்பட்டு இதைத் தோண்டி எடுப்பார், எடுக்காமல் விட மாட்டார் என்று தெரியும். "ஷூட் பண்ண மூலத்தையும் அழிச்சிடுங்க. என் கண்ணெதிர்ல" என்றேன். கத்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்தினார், 'நிச்சயமா?' என்று திரை கேட்டது, அவர் மறுபடி அழுத்தினார். பதினாறு வருஷத்தின் ஒரே உருப்படியான சீன் காணாமல் போயிற்று. வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து நன்றாக மூச்சு விட்டேன்.

வீட்டுக்கு வரும்போது ஏழே கால். அம்மா ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீயும் பாக்கப் போறியா?"

"ஏன், பாக்கக் கூடாதா?"

ஏழரைக்குப் பாட்டு ஓடி முடிந்தது. எல்லாம் அழிந்துவிட்டது என்று தெரிந்தும் அவள் கையிலிருந்த ரிமோட்மேலேயே ஒரு கண் வைத்திருந்தேன். பால்கனி வந்தது. கதாநாயகி போனோடு போய் நின்றாள். "ஹலோ" என்றாள். கத்திரி விட்டுவைத்தது அவ்வளவுதான். இடி இடித்தது. மாமியார், மாமியார், மாமியார், மாமியார். ஆஸ்பத்திரி. அப்பாடா. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்து பெயர்கள் ஓடின. அம்மா டிவியை நிறுத்தவில்லை. ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் வரலையே" என்றாள்.

"எதும்மா?"

"அந்த சீன். நீ பால்கனியில நின்னு பேசினியே, எட்டு வருஷம் ஆச்சு, வந்து கூட்டிட்டுப் போன்னு. நான் அடுப்படியில நின்னு கேட்டேன். மூணு வாரமா தினம் பாக்கறேன், வரவே மாட்டேங்குதே. இன்னிக்கு அந்தப் பொண்ணு போனை எடுத்ததும் இதோ வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரமாக என் குளியலறைக் கதவை யாரும் தட்டவில்லை. உட்கார்ந்தால் கூப்பிடவில்லை, எழுந்தால் கூப்பிடவில்லை. வேலை நன்றாக ஓடுகிறது, நல்ல மாதம் என்று நான்பாட்டுக்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அது சீரியலுக்குத்தானே பேசின?" என்று கேட்டாள். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

'ஆமாம்மா, நாளைக்கு வரும்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வராது. நான் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடந்திருந்தால் இன்றைக்கே வந்திருக்கும். வெறும் வசனம்தான் என்று அவளும் நிம்மதியாகப் போய்ப் படுத்திருப்பாள். ஓடி ஓடிப் போய், கெஞ்சி, கண்ணெதிரிலேயே அழிக்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"அம்மா" என்றேன். அதற்குமேல் வரவில்லை. ஒரு நாளைக்கு இருபது பக்கம் பேசுகிறவள் நான்.

அவள் புரிந்துகொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள். நான் தரையில் இறங்கி உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன். "தங்கச்சிகிட்ட பேசினதும்மா. கோவத்துல பேசிட்டேன். அன்னிக்கு நிஜமாவே அப்படித்தான் தோணிச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ எங்கயும் போக வேண்டாம். என்னைக் கூப்பிடு. எப்பவும் மாதிரி கூப்பிட்டுட்டே இரு."

அம்மா ரிமோட்டைக் கீழே வைத்தாள். டிவியில் அடுத்த சீரியல் ஆரம்பித்துவிட்டது.

"அவ என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"யாரு?"

"உன் தங்கச்சி. என்னை வரச் சொன்னாளா?"

"அவளுக்கு அந்த மெசேஜ் போகவே இல்லம்மா. தப்பா டைப்பிஸ்ட் அக்காவுக்குப் போயிடுச்சு. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

அம்மா பெருமூச்சு விட்டாள். மூன்று வாரத்தில் முதல்தடவையாக அவள் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "அனுப்பாத. அவ பதிலையும் நான் கேக்க வேண்டாம்."